கையொப்பம் இடுமுன் கணக்குப் பாருங்கள்

கணவரை இழந்தோ, கைவிடப்பட்டோ, ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் எமது தோட்டங்களில் பலர். "நான் படுத்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்ற பயம் அவர்களை விட்டு நீங்குவதில்லை. அந்தப் பயத்தை அறிந்தே தனியார் காப்புறுதி முகவர்கள் லயங்களுக்கு வருகிறார்கள். காப்புறுதி கூடாது என்று நாம் சொல்லவில்லை. கையொப்பம் இடுமுன் கணக்குப் பாருங்கள் என்கிறோம்.

2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மாதக் கட்டணம் 2,700 ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் அது இரண்டு நாள் உழைப்பு. கொழுந்து குறைந்து பேர் குறையும் மாதத்திலும் அதே தொகையைக் கட்ட வேண்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஒருவருக்குக் குறைந்தால் மற்றவர் சமாளிப்பார். தனித்தாய்க்கு அந்த வழியில்லை. கட்டணம் தொடர்ந்து தவறினால் காப்புறுதி காலாவதியாகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நோய் வந்தால் எமது தாய்மாரை அழுத்துவது இழந்த சம்பளம், ஆட்டோக் கூலி, வெளியில் வாங்கும் மருந்து, வீட்டில் பிள்ளைகளின் சாப்பாடு. தனியார் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கொடுக்கும் பத்திரம் இவற்றுக்கு உதவாது. ஆகவே முகவரிடம் கேளுங்கள்: அரசாங்க வார்டில் தங்கும் நாளுக்குக் காசு உண்டா? ஏற்கெனவே உள்ள சீனி வருத்தம், பிரஷர் சேருமா? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? பத்திரத்தைத் தமிழில் தருவீர்களா?

உங்கள் பெயரில் ஏற்கெனவே கட்டப்படும் பணமும் உண்டு. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி சம்பளத்தில் 3 சதவீதம் செலுத்த வேண்டும். 1,350 ரூபாவுக்கு அது நாளொன்றுக்கு 40 ரூபா 50 சதம். இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு அந்த நிதியத்தில் உதவி பெறலாம். வேலையில் குளவி கொட்டினாலோ, மலையில் வழுக்கி விழுந்தாலோ, 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். விபத்தை அன்றைக்கே தோட்ட ஆபீஸில் பதியச் செய்யுங்கள். பெரிய சத்திரசிகிச்சை என்றால் பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் உதவியைப் பற்றி விசாரியுங்கள். பிள்ளைகளுக்கான சுரக்ஷா காப்புறுதியைப் பற்றிப் பாடசாலையில் கேளுங்கள்.

சேமலாப நிதியில் 10 வருடம் பணம் செலுத்தப்பட்டு 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வைத்தியச் செலவுக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம். கடைசி வழியாக மட்டும் அதைத் தொடுங்கள்.

இவை எல்லாம் இருந்தும், நோயில் படுத்த நாளின் சம்பளம் தனித்தாயின் கைக்கு வருவதில்லை. அந்த ஓட்டையை அவள் தன் இரண்டு நாள் கூலியால் அடைக்க வேண்டும் என்பது நியாயமில்லை. கம்பனிகளின் செலவில், ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு கொடுக்கும் கூட்டுக் காப்புறுதி வேண்டும். இதையே நாம் அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும்.

முகவர் பத்திரத்தை நீட்டினால் அன்றே கையொப்பமிட வேண்டாம். தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொண்டு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து வாசிப்போம்.