கேட்டால் போதாது, பதில் வேண்டும்

ஊருக்கு என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்பது நிர்வாகம் காட்டும் சலுகை அல்ல; சட்டம் விதித்த கடமை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுவது அதற்காகத்தான். பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரம் முதல் தமிழகத்தின் கடைக்கோடி ஊராட்சி வரை இந்தக் கடமை வெறும் சடங்காகிவிடும் ஆபத்து முன்நிற்கிறது.

முதல் காரணம், எண்ணிக்கையே இலக்காகிப் போனது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்தாக வேண்டும். அதை எட்டுவதற்காக ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்களை அழைத்துவந்து உட்கார வைப்பதாகவும், தீர்மானத்தை வாசிக்கும் முன்பே பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதாகவும் பல ஊர்களில் புகார் எழுகிறது. கையெழுத்து கருத்தாகாது.

கருத்து ஏன் வேண்டும் என்பதற்குக் குன்னம் பகுதியே சான்று. அது பெரிதும் மானாவாரி பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பியே விளைகின்றன. ஏரிக்கு வரும் வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்தது, எந்தத் தெருக் குழாயில் கோடையில் தண்ணீர் வராது என்பது ஊராருக்குத்தான் தெரியும். அவர்களைக் கேளாமல் போடும் திட்டத்தில் பணம் செலவாகும், குறை தீராது.

இரண்டாம் காரணம், பதில் சொல்ல ஆள் இல்லாமை. பெரம்பலூர், அரியலூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016-க்குப் பிறகும் மூன்றாண்டு இதே நிலைதான். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. வார்டு மறுவரையறை முன்கூட்டியே தெரிந்த வேலை. அது தாமதத்துக்குச் சாக்காகாது. வாக்குக் கேட்டு வந்தவர் இல்லாத சபையில் மக்கள் யாரிடம் கணக்குக் கேட்பார்கள்?

மூன்றாம் காரணம், நிதி. கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டே மக்களைக் கேட்டது. நிதி ஒதுக்காமல் விருப்பத்தைக் கேட்பது மனுவை வாங்கி வைப்பதற்குச் சமம்.

மாநில அரசும், தேர்தலை நடத்தும் அமைப்பும், மாவட்ட நிர்வாகமும் இந்தக் குறைகளுக்குப் பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கிராம சபையும் முந்தைய தீர்மானங்களின் நிலையை வாசித்தே தொடங்க வேண்டும். நிறைவேறியது எது, ஆன செலவு எவ்வளவு, நிராகரித்தால் காரணம் என்ன என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நகரங்களுக்கான பகுதி சபைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மக்களைக் கேட்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது மக்களாட்சி ஆகாது.