வினை ஆட்டுவித்தால் வாக்கியம் ஆடுமா?

வினைச்சொல்லின் பொருள் தெரிந்தால் போதும், வாக்கியத்தின் அமைப்பு தானாக வந்துவிடும் என்கிறது மொழியியலில் ஒரு கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக்க நம்பலாமா?

அந்தக் கட்சியிடம் சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சார்லஸ் ஃபில்மோர் 1970ல் 'ஹிட்', 'பிரேக்' என்ற இரண்டு ஆங்கில வினைகளை ஒப்பிட்டு எழுதினார். உடைத்தால் பொருளின் நிலை மாறுகிறது. அடித்தால் மாறியே ஆகவேண்டும் என்பதில்லை. அதனால்தான் கண்ணாடி தானாக 'பிரேக்' ஆகும், தானாக 'ஹிட்' ஆகாது. தமிழிலும் இதே கதைதான். உடைத்தான் - உடைந்தது, கிழித்தான் - கிழிந்தது. அடித்தான் என்பதற்கு 'அடிந்தது' என்று ஜோடி உண்டா? கிடையாது. பெத் லெவின் 1993ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை இந்த வழியில் வகைப்படுத்திக் காட்டினார்.

சிக்கல் வருவது மனம் சார்ந்த வினைகளில். 'ராமுவுக்குக் காபி பிடிக்கும்', 'ராமு காபியை விரும்புகிறான்'. ஆள் ஒன்று, காபி ஒன்று, ஆசையும் ஒன்று. அமைப்பு மட்டும் இரண்டு!

மார்க் பேக்கர் 1988ல் வைத்த கருதுகோளின்படி, வகிக்கும் பாத்திரம் ஒன்றென்றால் வாக்கியத்தின் அடியமைப்பில் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். மேலே வேறாகத் தெரிகிறதே என்றால் பதில் தயார்: அடியில் ஒன்றாக இருந்து பிறகு இடம் மாறியது, இல்லையென்றால் பொருளில் ஏதோ நுணுக்கமான வேறுபாடு இருக்கிறது. இரண்டு கதவும் திறந்திருந்தால் திருடன் எப்படிப் பிடிபடுவான்?

'விரும்பு' என்பதில் மனம் செயல்படுகிறது, 'பிடி' என்பதில் சும்மா இருக்கிறது என்பார்கள். சரி, ஆங்கிலத்தில் 'லைக்' என்ற ஒரே வினைதான் இரண்டுக்கும். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்கு, தமிழைப் போலவே, விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில்தான் வந்தார். பிறகு எழுவாயாகிவிட்டார். இடையில் ஆங்கிலேயரின் மனம் சுறுசுறுப்பாகிவிட்டதா? வினையின் பொருளே மாறிவிட்டது என்கிறார்கள். எப்படித் தெரியும்? அமைப்பு மாறியிருக்கிறதே! பொருளைக் கொண்டு அமைப்பை விளக்குவது, பிறகு அமைப்பைக் காட்டிப் பொருளை நிரூபிப்பது... செக்குமாடு தோற்றது.

பொருளுக்கு வேலையே இல்லை என்பதல்ல வாதம். பொருள் வழிகளைக் குறைக்கிறது. எந்த வழியில் போவது என்பதை அந்தந்த மொழியின் இலக்கணமும் வரலாறும் தீர்மானிக்கின்றன. இல்லை, பொருளேதான் எல்லாம் என்பவர்கள் வாக்கியத்துக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சியைக் கொண்டுவரட்டும். உடைந்த கண்ணாடிக்குச் சில்லுகளே சாட்சி. 'பிடிக்கும்' என்பதற்கும் 'விரும்புகிறான்' என்பதற்கும் நடுவே என்ன உடைந்து கிடக்கிறது?