கல்மூலம் காண்போம்!

“நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது” என்பர் பெரியோர். ஆனால் கல்மூலம் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெயரிலேயே ‘கிரி’யைத் தாங்கிய ராயகிரியில், மேற்குத் தொடர்ச்சி மலையை நாள்தோறும் கண்டு வளரும் நாங்கள் அம்மலையின் பூர்வீகத்தை அறியாதிருப்பது முறையாகுமா?

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை எனப் பாறைகள் மூவகை. தென் தமிழகத்து மலைகளில் பெரும்பாலும் காணப்படுவது மூன்றாவது வகையே. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பழைய கல்லின் தோற்றம் மறைந்து, புதிய கனிமங்கள் உருவாகின்றன. அப்படியானால் அதன் தாய்ப்பாறை எதுவென்று எவ்வாறு அறிவது?

இங்குதான் வேதியியல் துணைக்கு வருகிறது. மாவு இட்லியானாலும் தோசையானாலும் அதிலுள்ள அரிசியும் உளுந்தும் மாறுவதில்லை அன்றோ? அதுபோலப் பாறை உருமாறினாலும் அதன் மூலப்பொருள்களின் விகிதம் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. ஏறக்குறைய முழுவதும் சிலிக்காவாக இருந்தால் அது முன்பு மணற்கல். கால்சியம் கார்பனேட் மிகுந்தால் சுண்ணாம்புக்கல். தாழையூத்து சிமெண்டு ஆலைக்கு அடிப்படையான பளிங்குச் சுண்ணாம்புக்கல் இதற்குச் சான்று. அலுமினா மிகுந்து, சுண்ணமும் சோடாவும் குறைந்திருந்தால் அது பழைய களிமண். அச்சன்கோவிலுக்குத் தெற்கே மிகுதியாகக் காணப்படும் கோண்டலைட் பாறையில் சிவந்த கார்னெட்டும் சில்லிமனைட்டும் விளைந்திருப்பது இதனால்தான்.

ஆனால் எல்லாக் கல்லும் இவ்வளவு எளிதில் உண்மையைச் சொல்லிவிடாது. ஆம்பிபோலைட் என்னும் கரும்பாறை எரிமலைக் குழம்பிலிருந்தும் வரலாம். களிமண் கலந்த சுண்ணாம்புப் படிவிலிருந்தும் வரலாம். மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒரே கல்லைப் பாராமல் பல கற்களை வரிசையாகப் பகுத்து, குரோமியம், நிக்கல், டைட்டானியம் ஆகியவை எவ்வாறு கூடிக் குறைகின்றன எனக் கவனித்தால் இரண்டையும் பிரித்தறியலாம் என்று 1964-இல் பெர்னார்ட் லீக் என்னும் அறிஞர் காட்டினார். சோடியமும் பொட்டாசியமும் சூடான நீரோடு எளிதில் போய்விடும். டைட்டானியமும் சிர்கோனியமும் அவ்வளவு எளிதில் இடம்பெயரா. ஆகவே அவையே நம்பத்தக்க சாட்சிகள்!

எனினும் சாட்சி மட்டும் போதாது. சம்பவம் நடந்த இடத்தையும் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையிலுள்ள கல்லைக் கொண்டு, பல்லாவரம், புனித தோமையார் மலைப் பகுதிப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். 1900-இல் வெளியான ஆய்வுரையில் அவர் அதைத் தீப்பாறை என்றே கொண்டார். 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் நைஸ் பாறை இருந்த இடத்திலேயே திட்டுத்திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதை எடுத்துக்காட்டினார். இருவழியிலும் அப்பாறை உண்டாகும் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. வெறும் பகுப்பாய்வு அட்டவணையை மட்டும் வைத்திருந்தால் இது விளங்கியிருக்குமா?

ஆகவேதான் நாங்கள் கூறுகிறோம்: மலையை உடைத்து ஜல்லியாக்கிய பின் அதில் எவ்வளவு சிலிக்கா என்று அளக்கலாம், அது எந்தப் பாறையை அடுத்து, எத்திசையில் சாய்ந்து கிடந்தது என்பதை எவராலும் கூற இயலாது. வீட்டிற்கும் பாலத்திற்கும் கல் வேண்டும்; அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் குவாரிக்கு அனுமதி அளிக்குமுன், ஒவ்வொரு குன்றிலும் மாதிரிக் கற்கள் எடுத்து, இடமும் திசையும் குறித்து, பகுத்துப் பதிவேட்டில் காத்திட வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் எழுதிய ஏட்டைப் படிக்காமலே கிழிக்கலாமா? பள்ளிதோறும் அந்தந்த ஊர்க் கற்களுக்கென ஓர் அலமாரியாவது வேண்டும்.

“மலையேறும் படிப்பு பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று கேட்போரும் உளர். 1983-இல் அன்டார்க்டிகா சென்று, ஷிர்மாக்கர் குன்றுகளின் பாறைகளை ஆராய்ந்த சுதீப்தா சென்குப்தா நம் நாட்டுப் பெண்மணியே! பனிக்கண்டத்துக் குன்றை ஒரு பெண் ஆராயலாமெனில், நம் வாசலுக்கெதிரே நிற்கும் மலையை நாம் ஆராயலாகாதா? தோழியரே, சுத்தியலும் குறிப்பேடும் நம் கைக்கும் பொருந்தும். எடுத்துப் புறப்படுவோம்!