கீன் சொன்னால் வேதமா?

2023 ஒக்டோபரில், சொந்த மைதானத்தில் மஞ்செஸ்டர் சிற்றியிடம் 3-0 என்று தோற்றதும், புரூனோ பெர்னாண்டஸின் தலைமைப் பதவியைப் பறிக்க வேண்டும் என்றார் ரொய் கீன். எங்கட யுனைட்டட் பெடியளும் அதையே பாடத் தொடங்கிவிட்டார்கள். எந்நேரமும் கையை விரிக்கிறாராம், நடுவரோடு கத்துகிறாராம். சரி, அது எங்களுக்கும் எரிச்சல்தான்.

ஆனால் 2005இல் கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சிக்கே சக வீரர்களை விளாசிப் பேட்டி கொடுத்தவர் கீன். அது ஒளிபரப்பாகவே இல்லை. நவம்பரில் அவரும் வெளியேறினார். அதை நேர்மை எண்டு கொண்டாடுறவை, புரூனோ கையை விரிச்சால் மட்டும் ஏன் தலைவருக்கு லாயக்கில்லை எண்டினம்?

2024 மே 25, எஃப்.ஏ. கிண்ண இறுதி. அதே சிற்றியை 2-1 என்று வென்றபோது, மைனூவின் கோலுக்குப் பந்து கொடுத்தவர் ஆர்? கிண்ணம் தூக்கின கப்டன் ஆர்? சொல்லுங்கோ பாப்பம்.