எலுமிச்சம்பழமும் எஞ்சினும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் வாங்குகிறவர்களெல்லாம் ஊறுகாய்க்காகவே வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. புது மோட்டார் வாங்கியவரும், புது லாரி வாங்கியவரும் நாலு பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, நசுங்கும்படி வண்டியை ஏற்றுகிறார்கள். இது படியாதவர்கள் காரியம் என்று தள்ளிவிடலாமென்றால், அதற்கும் வழியில்லை. 2019 அக்டோபர் 8-ந் தேதி, விஜயதசமியன்று, பிரான்சு தேசத்தில் முதல் ரபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட இந்தியப் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அவர்கள், அதன்மேல் ஓம் எழுதி, தேங்காயும் பூவும் வைத்துப் பூஜை செய்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைக்கப்பட்டது.

"பழக்கந்தானே, இரண்டு பழத்தில் என்ன நஷ்டம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். பழத்தின் கிரயத்தைப் பற்றி நமக்கு விவாதமில்லை. அந்த விமானத்தைப் பறக்கச் செய்வது எது என்பதே நமது கேள்வி.

ரபேலில் ஒருவர் அமரும் சி, இருவர் அமரும் பி, கப்பலிலிருந்து கிளம்பும் எம் என்று மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் எஞ்சின் ஒன்றே. பிரெஞ்சுக்காரர் தாமே வகுத்த எம்-88 எஞ்சின் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் ஏழரை டன் விசையோடு தள்ளும். நமது தேஜசுக்கோ ஒரே எஞ்சின்தான். கோவையை அடுத்த சூலூர் வானத்தில் நம்மவர் பார்த்த மார்க்-1-க்கும், பின்வந்த மார்க்-1ஏ-வுக்கும் சுமார் எட்டரை டன் விசையுள்ள எப்-404. மார்க்-2-க்குத் தேர்ந்தெடுத்தது சுமார் பத்து டன் விசையுள்ள எப்-414. இரண்டும் அமெரிக்காவினுடையவை.

பிரெஞ்சுக்காரர் மட்டும் பிறக்கும்போதே எஞ்சினோடு பிறந்தார்களா? இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1953-ல் அவர்களிடம் இந்தியா வாங்கிய தூபானி விமானத்தில் இருந்தது இங்கிலீஷ்காரர் வகுத்த நீன் எஞ்சின். அவ்வளவு ஏன்? 1986 ஜூலை 4-ல் முதல் மாதிரி ரபேல் பறந்ததே, தேஜசில் இருக்கும் அதே அமெரிக்க எப்-404 இனத்து எஞ்சின்களைக் கொண்டுதான். 1990-ல் அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தங்கள் எம்-88-ஐப் பூட்டிப் பறக்கவிட்டார்கள்.

நாமும் முயலாமலில்லை. 1989-ல் பெங்களூரில் காவேரி எஞ்சின் வேலை துவங்கிற்று. எடை கூடிற்று, வேண்டிய விசை கிட்டவில்லை, 2008-ல் அது தேஜசிலிருந்து விலக்கப்பட்டது. 2010-ல் அதைப் பறக்கவிட்டுச் சோதிக்க ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த விஞ்ஞானிகளின் புத்தியை நாம் குறை கூறவில்லை. எஞ்சினுக்குள் எரியும் சூடு, அதிலுள்ள உலோகம் உருகும் சூட்டையும் தாண்டுவது. அதில் உருகாமல் சுழலவேண்டிய தகட்டை ஒரே படிகமாக வார்த்து, உள்ளே காற்றோடத் துவாரமிட்டுக் குளிரச் செய்யவேண்டும். இதற்கு வேண்டியது சோதனைச்சாலை, பணம், பல வருஷப் பொறுமை, தவறினால் ஏன் தவறிற்று என்று அஞ்சாமல் கேட்கும் குணம். இவற்றில் எது மந்திரத்தால் வரும்?

பலனைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றுக்கான முதல் எஞ்சினை அமெரிக்கக் கம்பெனி கொடுத்தது 2025 மார்ச்சில். எஞ்சின் இல்லாத விமானம் வெறுங்கூடுதானே! இந்த நாலு வருஷத்தில் எந்தத் தேங்காய் ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து சேர்த்தது?

நஷ்டம் இங்கேதான் இருக்கிறது, தோழர்களே! நல்லபடியாகப் பறந்தால் பெருமை பழத்துக்கு என்றால், எஞ்சின் வராததற்கு யாரைக் கேட்பது? பொறுப்பு மனிதனிடமிருந்து நழுவிப் பழத்தின்மேல் ஏறிக்கொள்ளுகிறது. ஆள்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. ஆகவே, ஓட்டுக் கேட்க மார்க்கெட்டுக்கு வருகிறவரிடம், "சோதனைச்சாலை எங்கே? அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்? எந்த வருஷத்தில் நம் எஞ்சின் பறக்கும்?" என்று கேளுங்கள். எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குப் போகட்டும்.