ஒரு சீட்டு, மூணு ஸ்பின்னர்: அஸ்வின் ஏன் பெஞ்சில் உட்கார்ந்தார்?

தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிஞ்ச வயல்ல டென்னிஸ் பால் மேட்ச் ஆடியிருக்கீங்களா? கூட சுத்துற நண்பனை லெவன்ல சேர்த்துட்டு, உங்களைத் தண்ணி பாட்டில் தூக்கச் சொன்னா எப்படியிருக்கும்? அஸ்வினுக்கு அதுதான் நடந்தது.

2023 ஜூன், ஓவல். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். டெஸ்ட் தரவரிசையில் நம்பர் 1 பௌலர் அஸ்வின் வெளியே. ஒரே ஸ்பின்னரா ஜடேஜா உள்ளே. எதிரே ஆஸ்திரேலியா டீம்ல வார்னர், கவாஜா, ஹெட், கேரினு வரிசையா இடதுகை பேட்ஸ்மேன்கள்! கடைசி இன்னிங்ஸ்ல அவங்க ஆஃப் ஸ்பின்னர் லயன் 4 விக்கெட் எடுத்தார். நாம 209 ரன்ல தோத்தோம். அது தப்பான முடிவுதான், சந்தேகமே வேண்டாம். அந்த ஃபைனலுக்கு அப்புறம் ஒரு பேட்டியில, 'முன்னாடி டீம்ல எல்லோரும் நண்பர்கள், இப்போ சக ஊழியர்கள்'ங்கிற அர்த்தத்துல அஸ்வின் பேசினார்.

2024 ஆஸ்திரேலியா டூர் வேற கதை. பெர்த்ல வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டுல அஸ்வின், பிரிஸ்பேன்ல ஜடேஜா. வாஷிங்டனும் சென்னைப் பையன், அதே ஆஃப் ஸ்பின். பெர்த்ல இந்தியா 295 ரன்ல ஜெயிச்சதால செலக்‌ஷனைக் குறை சொல்லவும் முடியலை. (1999 ஆன்டிகுவா டெஸ்ட்ல துணைக் கேப்டன் வார்னையே உட்கார வெச்சு மெக்கில்லை ஆட விட்ட ஊருங்க அது!)

பிரிஸ்பேன் டெஸ்ட் டிரா ஆன டிசம்பர் 18 அன்னிக்கே, 537 விக்கெட்டோட அஸ்வின் ஓய்வை அறிவிச்சார். சீரிஸ்ல இன்னும் ரெண்டு மேட்ச் பாக்கி இருந்துச்சு.