அம்மாவிடம் கேட்டீர்களா?

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? பி.பி. உண்டா?" என்று டாக்டர் கேட்டால் நம் பெண்மணிகள் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். "உங்கம்மாவுக்கு எத்தனை வயசுல மாதவிலக்கு நின்னது?" என்று கேட்டுப் பாருங்கள்... திருதிருவென்று விழிப்பார்கள். "அதையெல்லாம் போய் அம்மாகிட்ட எப்படிங்க கேக்கறது?"

கேட்டே ஆகவேண்டும் என்பதுதான் என் கட்சி!

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பெரியவளாகும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். பிறகும் கரைந்துகொண்டே போய், கையிருப்பு தீரும் நேரத்தில் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வரவில்லை என்றால் அதுதான் மெனோபாஸ். மேல்நாட்டில் சராசரியாக 51 வயதில் வருவது, நம் பெண்களுக்கு 46, 47-லேயே வந்துவிடுகிறது.

இந்த வயதை முடிவு செய்வதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்கின்றன இரட்டைச் சகோதரிகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள். 2021-ல் சுமார் இரண்டு லட்சம் பெண்களைப் பரிசோதித்து, இதில் சம்பந்தப்பட்ட 290 மரபணு இடங்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40, 42-ல் தானாக நின்றிருந்தால், உங்களுக்கும் சீக்கிரம் நிற்க வாய்ப்பு அதிகம்.

அதற்காக, "எல்லாம் தலையெழுத்து" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வாழ்கிற சூழ்நிலைக்கும் பங்கு உண்டு. சிகரெட் பிடிக்கும் பெண்களுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. "நான் எங்கே பிடிக்கிறேன்? அவர்தானே பிடிக்கிறார்!" என்கிறீர்களா? அவர் ஊதுகிற புகையும் லேசுப்பட்டதல்ல, வாசலுக்கு அனுப்புங்கள்! சத்தில்லாமல் மெலிந்த உடம்பும் ஒரு காரணம். 1944-45-ல் ஹாலந்தில் பஞ்சத்தில் அடிபட்ட சிறுமிகளுக்கு, பிற்காலத்தில் மெனோபாஸ் சற்று முன்னதாகவே வந்தது.

நம் நாட்டில் இன்னொரு கொடுமை, அவசரப்பட்டுக் கர்ப்பப்பையை எடுப்பது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்த விஷயம் 2019-ல் நாட்டையே உலுக்கியது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ்தான். அவற்றை விட்டுவைத்தாலும், சற்று முன்னதாக வர வாய்ப்புண்டு. ஆகவே, இன்னொரு டாக்டரையும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

"சீக்கிரம் நின்னா நல்லதுதானே, விட்டது தொல்லை!" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 40 வயதுக்குள் நின்றுபோனால் எலும்பு தேய்கிறது. இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. பலருக்கு ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும். "குழந்தையை 35-க்கு மேல பாத்துக்கலாம்" என்று நினைக்கும் மகளுக்கோ, அம்மாவின் அந்த வயது தெரிந்திருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பார்க்கத் தோன்றும்.

நகையையும் பட்டுப்புடவையையும் மகளுக்கென்று எடுத்து வைக்கும் அம்மாக்களே! உங்களுக்கு எந்த வயதில் நின்றது, தானாக நின்றதா, ஆபரேஷனாலா என்பதையும் சொல்லி வையுங்கள். மகள்களே, அம்மா சொல்லக் கூச்சப்பட்டால் நீங்களே கேளுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?